எல்லா வீட்டிலும் ஒரு வட்டம்

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது அந்த அறக்கட்டளை அலுவலகம். வெற்றிசெல்வனின் மேசைக்கு நேரெதிர் சுவரில் பெரிய டிவி ஒன்று மாட்டியிருந்தார்கள். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை அதில் ஒரே படம்தான் ஓடும். கல்வராயன் மலையும் அடிவாரத்து ஊர்களும் அடங்கிய வரைபடம், அதன்மேல் நகர்ந்துகொண்டே இருக்கும் பதினொரு புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு களப்பணியாளர். காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களை வாரம் ஒருமுறை வீட்டுக்கே போய்ப் பார்த்து, ஆறு மாதமும் விடாமல் சாப்பிடவைப்பதுதான் அவர்களுடைய வேலை. அந்தப் பதினொரு பேரையும் மேய்ப்பது வெற்றிசெல்வனின் வேலை.

புள்ளிகள் அவன் கேட்டு வாங்கியவை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில், கச்சிராயபாளையத்துக்கு மேலே ஒரு வளைவில் பாண்டியனின் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. களப்பணியாளர்களிலேயே மூத்தவர் பாண்டியன். கால் எலும்பு இரண்டாக முறிந்து, காலை பதினொரு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிவரை நனைந்துகொண்டே கிடந்தார். ஆடு தேடி வந்த ஒருவர் பார்த்துச் சத்தம் போட்டிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. மருத்துவமனையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்றைக்கே வெற்றிசெல்வன் முடிவு பண்ணிவிட்டான். அலைந்து திரிந்து, இயக்குநர் அபிநயாவிடம் மன்றாடி, எல்லோருடைய போனிலும் இடம் காட்டும் ஆப் ஒன்றை ஏற்றவைத்தான். சிக்னல் இல்லாத இடத்திலும் அது பதிந்துகொள்ளும். சிக்னல் கிடைத்ததும் மொத்தத்தையும் அனுப்பிவிடும். ஒரே இடத்தில் பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றால் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் விழும்.

அதோடு அவன் நிற்கவில்லை. அந்த வரைபடத்தைப் பார்ப்பதற்கான லிங்க்கை மலையில் உள்ள ஊராட்சிகளின் வாட்ஸ்அப் குரூப்புகளிலும் போட்டுவிட்டான். 'நம் பணியாளர் இன்று எங்கே இருக்கிறார் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்' என்று மேலே ஒரு வரியும் எழுதியிருந்தான். சென்னையிலிருந்து வந்த நன்கொடையாளர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுத் தோளில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டு ரொம்ப நாள் தோளிலேயே இருந்தது.

ஜூன் மாதம் முதல் வாரம். ஆப் தானாகவே அனுப்பும் வார அறிக்கையில் ஒரு பெயர் சிவப்பில் இருந்தது. தங்கமணி.

தங்கமணிக்கு நாற்பது வயது. மலையிலேயே பிறந்து, வெள்ளிமலையில் படித்து, பத்து வருஷமாக இந்த வேலையில் இருப்பவள். வாரத்துக்கு ஆறு ஊர், நாளைக்கு ஒன்று. எல்லாம் சேர்த்து ஒன்பது நோயாளிகள். முன்பெல்லாம் அவளுக்கு வாரத்தில் ஒன்பது வட்டம் விழும். ஒன்றிரண்டு கூடும், குறையும். இப்போது நூற்று முப்பத்தெட்டு வட்டம். பக்கத்தில் 'தேவையற்ற நிறுத்தங்கள்' என்று ஆப் எழுதியிருந்தது. வெற்றிசெல்வன் பழைய வாரங்களைத் திறந்து பார்த்தான். மார்ச்சிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கிறது. அவன்தான் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை அவள் போகும் நெல்லிக்கொல்லையில் இருப்பது ஒரே ஒரு நோயாளி. அரைமணி நேர வேலை. அங்கே காலை எட்டரையிலிருந்து மதியம் ஒன்றரை வரை நின்றிருக்கிறாள்.

அபிநயாவும் அறிக்கையைப் பார்த்திருந்தாள். "இன்னா வெற்றி இது? ஊர் ஊரா உக்காந்து கதை பேசிக்கினு இருக்காங்களா?"

"அப்படி ஆளு இல்ல மேடம். கேட்டுடறேன்."

போன் பண்ணினான். நாலு முறை போகவில்லை. ஐந்தாவது முறை எடுத்தாள்.

"அக்கா, உங்க ரிப்போர்ட் ஒரு மாதிரி வருது. ஒவ்வொரு ஊர்லயும் அவ்ளோ நேரம் இன்னா பண்றீங்க?"

"வேலதான் சார்."

"ஒரு பேஷண்டுக்கு அஞ்சு மணி நேரமா?"

"போன்ல சொல்ற விஷயம் இல்ல சார். நீங்களே வந்து பாருங்களேன்."

வந்து பார் என்று தைரியமாகச் சொல்கிறாளே என்று அவனுக்குச் சுருக்கென்றது. அடுத்த திங்கட்கிழமை, அவளிடம் சொல்லாமல் விடியற்காலையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நெல்லிக்கொல்லைக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பது. இருபத்து மூன்று வீடு உள்ள சின்ன ஊர். இரண்டு பக்கமும் மரவள்ளிக் கொல்லை. சரிவில் சாமை விதைக்க உழுதுபோட்ட செம்மண் நிலம். தங்கமணியின் மொபெட் தண்ணீர் டேங்க் பக்கத்தில் நின்றிருந்தது. வெற்றிசெல்வன் பைக்கைச் சற்றுத் தள்ளி ஒரு பலா மரத்தடியில் நிறுத்திவிட்டு, அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான். ஒளிந்து நிற்பது அவனுக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் நின்றான்.

தங்கமணி ஒரு வீட்டு வாசலில் இருந்தாள். எடை மிஷினைத் தரையில் வைத்து வீட்டில் உள்ளவர்களை ஒவ்வொருவராக ஏற்றி இறக்கினாள். இருமல் இருக்கிறதா, ராத்திரி வேர்க்கிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டு நோட்டில் குறித்தாள். வீட்டுக்காரியோடு உள்ளே போனாள், வெளியே வந்தாள். தோள்பையிலிருந்து ஒரு காக்கி கவரை எடுத்துக் கொடுத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கேயும் அதேதான். எடை, கேள்வி, உள்ளே ஒரு நடை, காக்கி கவர், கடிகாரம். மூன்றாவது வீட்டிலும் அப்படியே. ஒரு வீடு பூட்டியிருந்தது. அதன் வாசலிலும் பத்து நிமிஷம் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதிவிட்டுத்தான் எழுந்தாள்.

வெற்றிசெல்வனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு, இந்த இருபத்து மூன்றில் நோயாளி வீடு எது என்று மனசு தானாகவே தேட ஆரம்பித்தது. அலுவலகத்தில் அவனிடம் இருப்பது எண்கள்தான். பெயர்கள் பூட்டிய அலமாரியில் இருந்தன. மூன்றாவது வீட்டு ஆள் ஒல்லியாக இருந்தானே, அவனா? துப்பட்டாவை வாயில் பொத்திக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணா? அந்த நீல வீட்டுக்குள் கொஞ்சம் அதிக நேரம் இருந்தாளோ? இப்படி ஏழெட்டு வீடு போன பிறகுதான், தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. முகம் சுட்டது. மரத்தடியை விட்டு வெளியே வந்தான்.

தங்கமணி அவனைப் பார்த்ததும் திடுக்கிடவில்லை. "வாங்க சார். எவ்ளோ நேரமா நிக்கிறீங்க?"

"கொஞ்ச நேரமாக்கா."

"இன்னும் பன்னண்டு வூடு பாக்கி இருக்குது. முடிச்சிட்டுப் பேசலாமா?"

அவனையும் கூட வரச் சொன்னாள். எடை மிஷினை அவன் தூக்கிக்கொண்டான். கடைசி வீடு முடியும்போது ஒன்றரை மணி. இரண்டு பேரும் தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்தார்கள். அவள் டிபன் பாக்ஸைத் திறந்து, சாமைச் சோற்றில் பாதியை மூடியில் போட்டு அவன் பக்கம் நகர்த்தினாள்.

"அந்தக் கவர்ல இன்னாக்கா இருக்குது?"

"ஒண்ணுல மாத்திர இருக்குது. மத்ததுல, எட எவ்ளோன்னு எழுதின சீட்டும், வயித்தால போனா கரைச்சிக் குடிக்கிற பவுடர் பாக்கெட்டும். எல்லாம் ஒரே காக்கி. நானே ஒட்டினது."

"எதுக்கு இவ்ளோ பாடு?"

தங்கமணி கையைக் கழுவிவிட்டுச் சொன்னாள். "பிப்ரவரில என் ஊருங்கள்ல ஒண்ணுல ஒரு வூட்டுல கல்யாணப் பேச்சு நடந்திச்சி சார். எந்த ஊரு, ஆணா பொண்ணா, அதெல்லாம் நான் சொல்லமாட்டேன். எதுத்தாப்புல சம்மந்தம் பேச வந்தவங்க சங்கராபுரம் பக்கம். அவங்க சொந்தக்காரரு ஒருத்தருக்கு நம்ம லிங்க்கு போயிருக்குது. குரூப்ல இருந்து குரூப்பு மாறி மாறிப் போயிருக்குது. டிபிக்கு வர அம்மாவோட புள்ளி இந்த ஊர்ல ஒரே ஒரு வூட்டுல நிக்குது, வாராவாரம் வட்டம் விழுதுன்னு நாலு வாரம் பாத்திருக்காரு. அவ்ளோதான். வேற யாரையும் ஒரு வார்த்த கேக்கல. பேச்சு நின்னுபோச்சு."

வெற்றிசெல்வன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான்.

"அதுக்கப்புறம் அந்த வூட்டுல கதவத் தொறக்கல சார். நீ வந்ததாலதான இதெல்லாம்னு சொன்னாங்க. மாத்திரைய நிறுத்திட்டாங்க. நாலு மாசம் சாப்ட்டு நல்லா ஆயிக்கினு வந்த ஆளு. நடுவுல விட்டா இன்னா ஆவும்னு உங்களுக்குத் தெரியாதா? நான் எப்படிச் சொல்லி வரவைக்கிறது? வண்டிய ஊருக்கு வெளிய நிறுத்தினேன். போன் நம்மகூடத்தான வருது. வெள்ளிமலைல டீக்கடை வெச்சிருக்கிற சடையன் அண்ணன் அவரு போனத் தொறந்து காட்டினாரு. அதுல நான் தெரியறேன் சார். எங்க நிக்கிறேன், எத்தினி மணிக்கு நின்னேன், எல்லாம். அவருக்கும் அந்த லிங்க்கு வந்திருக்குது. நான் நின்னா வட்டம் விழும். அப்பதான் தோணிச்சி. ஒரு வூட்டுல வட்டம் விழுந்தாதான அது யாரு வூடுன்னு தெரியும்? எல்லா வூட்டுலயும் விழுந்தா?"

அவள் அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. மழைக்கு முன்னால் விறகை உள்ளே எடுத்து வைத்ததைச் சொல்வது மாதிரி சொன்னாள். வெற்றிசெல்வன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஆறு ஊர். நூற்று முப்பத்தெட்டு வீடு. வீட்டுக்குப் பத்து நிமிஷம், வாராவாரம், மூன்று மாதம். ஒன்பது பேருக்காக.

"ஒரு ஊர்ல மட்டும் பண்ணியிருந்தா போதாதா?"

"அப்ப அந்த ஊருதான்னு ஆயிடுமே சார்."

"போனை வூட்டுல வெச்சிட்டு வந்திருக்கலாமே?"

"நெனச்சேன். ஆனா பாண்டியன் அண்ணன் கெடந்தாரே பள்ளத்துல. அந்த மாதிரி நானும் விழுந்தா? எனக்கும் பயம்தான் சார். நீங்க எங்க நல்லதுக்குதான் இத வெச்சீங்க. அது எனக்குத் தெரியும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

தங்கமணி அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை. "கேட்டேனே சார். பிப்ரவரி மீட்டிங்ல. இந்த லிங்க்கு எல்லாருக்கும் போவுதே, அது வேணுமான்னு. நேர்மையா வேல செய்றவங்களுக்கு இன்னா பயம்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அத்தினி பேரு எதுர்ல அதுக்கு மேல நான் இன்னா சொல்றது? ஒரு வார்த்த ஜாஸ்தி சொன்னா எந்த வூடுன்னு தெரிஞ்சிடும்."

அந்தக் கூட்டம் அவனுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. அந்த வாக்கியத்தை அவன் அழுத்தி, ஒரு கையை உயர்த்திச் சொன்னான். சிரிப்பு வந்ததுகூட அவனுக்குப் பிடித்திருந்தது.

"ஆமா சார், ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றாள் தங்கமணி டிபன் பாக்ஸை மூடியபடி. "அந்த டிவில உங்க புள்ளி எந்தக் கலரு?"

அவனுக்குப் புள்ளியே கிடையாது. ஒருங்கிணைப்பாளரான அவன் போனிலும் அந்த ஆப்பை ஏற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. அவள் டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மாத்திர?" என்று அவன் கேட்டான். "அந்த ஆளு மறுபடி?"

"டாக்டரு புதுசா எழுதிக் குடுத்தாரு. எல்லா வூட்டுக்கும் நான் போக ஆரம்பிச்சி மூணாவது வாரம் கதவு தொறந்திச்சி. இப்ப விடாம சாப்புடறாங்க." பையைத் தோளில் மாட்டியபடி சொன்னாள்: "எல்லா வூட்டுலயும் கேட்டுக்கினு போனதுல, இருமலோட இருந்த இன்னொருத்தரும் மாட்டினாரு. எந்த வூட்லன்னு கேக்காதீங்க."

"கேக்கலக்கா" என்றான்.

மலை இறங்கும்போது, தனக்குத் தங்கமணியைப் பத்து வருஷமாகத் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது அவனுக்கு வேடிக்கையாகப் பட்டது. அவள் எங்கே நிற்கிறாள் என்பது நிமிஷக் கணக்காக அவனுக்குத் தெரிந்திருந்தது. ஏன் நிற்கிறாள் என்று ஒரு நாளும் தெரியவில்லை. மூன்று மாதமாகத் தன் காலால் நடந்து நடந்து ஒருத்தி ஒன்பது பேரைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள், அதுவும் அவனிடமிருந்தே என்று எண்ணியபோது வெட்கமும், அதைவிட அதிகமாக ஒரு மரியாதையும் அவனுக்குள் நிறைந்தது. கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினான். தான் இங்கே நிற்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டான். டீ குடித்து முடிக்கும்வரை அந்த நினைப்பு போகவில்லை. அங்கேயே, பெஞ்சில் உட்கார்ந்தபடியே, போனைத் திறந்து அந்த லிங்க்கை முடக்கினான்.

மறுநாள் காலை அபிநயாவின் அறைக்குப் போனான். ஊர்ப் பெயர் எதையும் சொல்லாமல் நடந்ததைச் சொன்னான். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"லிங்க்கை வெளியில குடுத்தது யாரு?"

"நான்தான் மேடம்."

"யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. நல்லதுன்னு நெனச்சேன். நீங்க அந்த சென்னை சார் முன்னாடி என்னப் பாராட்டினீங்க."

"நானும்தான் பாராட்டினேன்" என்றாள் அபிநயா. "ஆனா வரைபடம் இல்லாம அவங்களுக்கு நான் இன்னாத்த அனுப்பறது? போற எடத்தப் பாக்கணும்னு அவங்க கேக்கறாங்க."

"எத்தன பேரு மாத்திரைய முடிச்சாங்கன்னு அனுப்பலாம் மேடம். தங்கமணி அக்கா ஏரியால அஞ்சு வருஷமா ஒருத்தர்கூட நடுவுல விடல. இந்த பிப்ரவரில விட்டது ஒரே ஒருத்தரு. அதுவும் நம்மளால."

அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் இழுத்தது. ஆப் செய்து கொடுத்தவர்கள் அதெல்லாம் முடியாது என்றார்கள். பிறகு முடியும் என்றார்கள். கடைசியில் இப்படி முடிவானது. இடம் அவரவர் போனிலேயே இருக்கும். வெளியில் போயிருக்கும்போது போன் இரண்டு மணி நேரம் அசையாமல் கிடந்தாலோ, ஆளே பொத்தானை அழுத்தினாலோ மட்டும்தான் அலுவலகத்துக்குத் தெரியும். ஒவ்வொரு நாள் தடமும் அன்றைக்கே அழிந்துவிடும். பழைய இரண்டு வருஷத்துத் தடங்களையும் அழிக்கச் சொல்லி அபிநயா கையெழுத்துப் போட்டாள். நன்கொடையாளருக்குப் போன கடிதத்தில் தவறு யாருடையது என்று எழுத ஓர் இடம் விட்டிருந்தாள். அதில் வெற்றிசெல்வன் தன் பெயரை எழுதினான். அந்தப் பெரிய மனிதரிடமிருந்து பதில் வர ரொம்ப நாள் ஆனது. வந்தபோது இரண்டே வரி இருந்தது. தோளில் தட்டும் மாதிரியான வரிகள் இல்லை.

ஜூலை கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் தங்கமணியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவன் நினைத்திருந்தான். அவள் முன்கூட்டியே போன் பண்ணி வேண்டாம் என்றுவிட்டாள். அப்படிக் கேட்டால் எதற்கென்று பேச்சு வரும். பேச்சு வந்தால் எந்த ஊர் என்று வரும். அதனால் அவன் பிப்ரவரியில் தான் சொன்ன வாக்கியத்தை மட்டும் எடுத்துச் சொன்னான். "நேர்மையா வேல செய்றவங்களுக்கு இன்னா பயம்னு கேட்டேன். அது தப்பான கேள்வி. நம்மளோட போன் நம்மள மட்டும் காட்டல, நாம பாக்கப் போறவங்களயும் காட்டுது. அத நான் யோசிக்கல." தங்கமணி கடைசி வரிசையில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். பாண்டியன்தான், கம்பு ஊன்றி எழுந்து, கேட்டார்: "அப்ப நான் மறுபடி விழுந்தா கண்டுபுடிப்பீங்களா, மாட்டீங்களா?" அவர் போனிலேயே பொத்தானை அழுத்திக் காட்டி, வெற்றிசெல்வன் போன் அலறியதும்தான் உட்கார்ந்தார்.

நின்றுபோன அந்தக் கல்யாணப் பேச்சு மறுபடி எழவில்லை. அதை யாராலும் சரிசெய்ய முடியவில்லை.

நவம்பரில் ஒரு நாள் தங்கமணி போன் பண்ணினாள். நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பித்த அந்த ஆளுக்கு மாத்திரை முடிந்துவிட்டது, சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது என்றாள். வெற்றிசெல்வன் அவள் சொன்ன எண்ணைப் பதிவேட்டில் தேடி எதிரே டிக் போட்டான். பெயர் இருந்த அலமாரியின் சாவி அவன் இழுப்பறையில்தான் இருந்தது. அதை அவன் எடுக்கவில்லை.

"நல்லதுக்கா. இப்பதான் லிங்க்கும் இல்ல, வட்டமும் இல்ல. இனிமே வூட்டுக்கு வூடு போவ வேணாம் இல்ல?"

"எப்படி சார் நிறுத்தறது?" என்று அவள் சிரித்தாள். "திடீர்னு நிறுத்தினா, இவ்ளோ நாளா யாருக்காக வந்தா, யாருக்கு முடிஞ்சிதுன்னு கணக்குப் போட மாட்டாங்களா? ஒரு வருஷமாவது போய்க்கினுதான் இருக்கணும். அதுவும் இல்லாம, ஜனங்களுக்குப் பழகிப்போச்சு. போன வாரம் மழைல ஒரு வூட்ட விட்டுட்டேன். எங்களுக்கு மட்டும் எட பாக்க மாட்டியான்னு அந்தம்மா ரோட்டுல மறிச்சி சண்டைக்கு வந்துட்டாங்க."

பின்னால் மொபெட் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. எங்கிருந்து பேசுகிறாள் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை, வைத்துவிட்டாள்.